வெறுங்கை ஓட்டம்

நுழையும்முன்

பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகளின் ஓட்டத்தைக் கைதட்டிக் களிக்கும் பெற்றோர், தம்மை ஓட அழைத்தால் தயங்கிப் பின்வாங்குகின்றனர். அந்தத் தயக்கத்திற்கு அவர்கள் மட்டுமே காரணமா? ஒலிவாங்கியின் முன் நின்று பல்லாண்டுகள் அவர்களை அழைத்த தமிழாசிரியர் ஒருவர், தம் அன்னையின் வாழ்வினூடே அதற்கு விடை தேடுகிறார்.

விளையாட்டு விழா என்றால் பள்ளியின் ஒலிவாங்கி தமிழாசிரியரின் கைக்கு வந்துவிடும். இஃது எங்கும் எழுதி வைக்கப்படாத மரபு. உடற்கல்வி ஆசிரியர் ஊதலும் நிறுத்துகடிகாரமுமாகத் திடலின் நடுவே நிற்பார். நான் வேப்பமரத்தடிப் பந்தலில் நின்றுகொண்டு, யார் எந்தக் கோட்டில் ஓடுகிறார், எந்த அணி எத்தனை புள்ளிகள் பெற்றிருக்கிறது என்று அறிவித்துக்கொண்டிருப்பேன். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், காவிரியின் வடகரையில் அமைந்த எங்கள் பள்ளியில் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் பணி எனக்குத்தான்.

காலையில் அணிவகுப்பு தொடங்கியதிலிருந்து பிற்பகல் தொடரோட்டம் முடியும்வரை என் பணியில் எந்தச் சிக்கலும் இராது. மாணவர்களை அழைப்பதற்குள் அவர்கள் கோட்டில் வந்து நின்றிருப்பார்கள். மாலை நான்கு மணியளவில், நிகழ்ச்சி நிரலின் இறுதியில், 'பெற்றோருக்கான போட்டிகள்' என்ற வரி வரும். அப்போதுதான் என் குரலுக்குச் சோதனை தொடங்கும்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! தந்தையருக்கு 100 மீட்டர் ஓட்டம். தாய்மார்களுக்கு எலுமிச்சைக் கரண்டி ஓட்டம், நீர்க்குடம் சுமந்து நடத்தல், ஊசியில் நூல் கோத்துவிட்டு ஓடுதல். பங்கேற்க விரும்புவோர் திடலுக்கு வருக!"

பந்தலில் ஒரு சலசலப்பு எழும். அவ்வளவுதான், ஒருவரும் எழமாட்டார்கள். அதுவரை தம் பிள்ளையின் பெயரைச் சொல்லித் தொண்டை வறளக் கூவிய தந்தை, திடீரென்று கைப்பேசியில் ஆழ்ந்துவிடுவார். ஒருவர் தம் இடுப்பைத் தொட்டுக்காட்டித் தலையசைப்பார். இன்னொருவர், "சாப்பிட்டு ஓடக்கூடாதுங்களே ஐயா" என்பார். தாய்மார்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தபடி ஒருவரையொருவர் முன்னே தள்ளுவார்கள். தள்ளப்பட்டவர் இன்னும் பின்னே போய் அமர்ந்துகொள்வார். வள்ளுவரையும் பாரதியையும் துணைக்கு அழைத்துப் பார்த்திருக்கிறேன். பரிசின் விலையைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இறுதியில் நாலைந்து பேர் வருவார்கள். போட்டி ஒருவாறு நடந்து முடியும்.

'நம் மக்களுக்குக் கூச்சம் மிகுதி' என்பதே பல ஆண்டுகள் நான் கண்டிருந்த விடை. எளிய விடை அது. அதில் என்மீது பழி ஏதும் இல்லை.

என் முறை வந்தபோது

என் மகள் நான்காம் வகுப்பில் படித்தபோது அவள் பள்ளி விழாவிற்குப் பார்வையாளனாகச் சென்றேன். அங்கே ஒலிவாங்கி வேறொருவர் கையில் இருந்தது. தந்தையருக்கான ஓட்டத்தை அறிவித்தார்கள். மகள் வரிசையிலிருந்து ஓடிவந்து என் விரலைப் பிடித்திழுத்தாள்.

"அப்பா, நீங்களும் ஓடுங்கப்பா."

"அப்பா செருப்புப் போட்டு வந்திருக்கேன்டா. இதைப் போட்டுக்கிட்டு ஓட முடியாது."

"கழட்டிருங்க. நான் வச்சிக்கிறேன்."

அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. "அடுத்த வருஷம் ஓடுறேன்" என்றேன். ஆண்டுதோறும் மற்றவர்களை அழைக்கும் என் கால்கள் நாற்காலியோடு கட்டுண்டு கிடந்தன. ஓடினால் தொப்பை குலுங்கும், பாதியில் மூச்சு வாங்கும், கடைசியாக வருவேன், யாரோ படம் எடுத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்புவார்கள். இவையனைத்தும் ஒரு நொடியில் மனத்திரையில் ஓடின. இவற்றைவிட ஆழத்தில் ஓர் அச்சம் இருந்தது. தன் தந்தை எல்லாம் அறிந்தவர், எதற்கும் அஞ்சாதவர் என்று நம்பிக்கொண்டிருக்கும் மகளின் கண்முன்னே நான் தோற்க வேண்டியிருக்கும்.

பிள்ளைகளோ நாள்தோறும் நம் கண்முன்னே தோற்கிறார்கள். தேர்வில் மதிப்பெண் குறைகிறது. பேச்சுப்போட்டியில் சொல் மறந்து நிற்கிறார்கள். ஓட்டத்தில் இடறி விழுகிறார்கள். "தோல்வி பெரிதன்று, எழுந்து ஓடு" என்று நாம் அறிவுரை சொல்கிறோம். அந்த அறிவுரையை நாமே ஒருமுறையேனும் ஓடிக் காட்டியதுண்டா? அவள் கைப்பிடி தளர்ந்து, தன் வரிசைக்குத் திரும்பி நடந்தபோதுதான் இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது. அதைத் தொடர்ந்து, நெடுநாள் நான் மூடி வைத்திருந்த வேறொரு நாளும் நினைவுக்கு வந்தது.

1985, குடியரசு நாள்

1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். நூற்றில் ஒரு பங்கு வினாடியில் வெண்கலம் நழுவியது. மகளிருக்கான அந்த ஓட்டமும் மாரத்தான் ஓட்டமும் ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்ற ஆண்டும் அதுவே. எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் பல வாரங்கள் உஷாவைப் பற்றிய பேச்சே ஓடியது. அந்த வேகத்தில் எங்கள் தலைமையாசிரியர், அடுத்து வந்த குடியரசு நாள் விளையாட்டு விழாவில் தாய்மார்களுக்கும் ஓர் ஓட்டப்பந்தயம் வைத்தார். நான் அப்போது ஏழாம் வகுப்பு மாணவன்.

என் அம்மா கோரைப்பாய் நெய்பவர். முசிறிப் பக்கத்துச் சிற்றூர்களில் அந்நாளில் பல குடும்பங்களுக்கு அதுவே பிழைப்பு. கோரையை அறுத்து, தண்டை நெடுக்காகக் கீறி, வெயிலில் பரப்பிக் காயவைப்பார்கள். நன்றாகக் காயுமுன் மழை பட்டால் கோரை கறுத்துவிடும். கறுத்த கோரை நல்ல பாய்க்கு ஆகாது. ஆகவே வானம் இருண்டால் அம்மா ஓடுவார். எங்கள் வீட்டுக்கும் கோரை காயும் மேட்டுக்கும் இடையே ஏறத்தாழ 200 மீட்டர் இருக்கும். புடவையை ஏற்றிச் செருகிக்கொண்டு அம்மா ஓடும் ஓட்டத்தை நான் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். முதல் துளி விழுவதற்குள் கோரையை வாரிக் கட்டாகக் கட்டி, தலைக்கும் அக்குளுக்குமாகச் சுமந்துகொண்டு அதே விரைவில் திரும்புவார். ஊரில் வேறெவரும் அவ்வளவு விரைந்து ஓடியதை நான் பார்த்ததில்லை.

அந்தக் குடியரசு நாளன்று அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். தலைமையாசிரியர் தாய்மார்களை அழைத்தார். வழக்கம்போல் எல்லாரும் தயங்கினார்கள். அம்மா தயங்கவில்லை. இடுப்பிலிருந்த தங்கையைப் பக்கத்து வீட்டு அத்தையின் மடியில் இருத்திவிட்டு எழுந்து நின்றார். பிறகு என்னைத் தேடினார்.

நான் நண்பர்களோடு கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்தேன். அவர்களுடைய தாய்மார்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தார்கள். அம்மா தரையில் விரித்த சமுக்காளத்தில் அமர்ந்திருந்தார். வெளுத்துப்போன ஊதாப்புடவை, கோரை கிழித்துக் காய்த்த விரல்கள், செருப்பில்லாத கால்கள். கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றபோது அவையெல்லாம் முதன்முறையாக என் கண்ணில் பட்டன. நண்பர்கள் சிரிப்பார்களோ என்று அஞ்சினேன். அம்மாவின் பார்வை என்மீது வந்து நின்றது. நான் தலையை அசைத்தேன். 'வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. இடமும் வலமுமாகச் சிறிதளவே அசைத்தேன். அருகில் நின்ற நண்பனுக்குக்கூட அது தெரிந்திராது.

அம்மாவுக்குத் தெரிந்தது. அவர் குனிந்து உள்ளங்காலைத் தடவினார். "கால்ல முள்ளு ஏறியிருக்கு போல" என்று அத்தையிடம் சொல்லிவிட்டு அமர்ந்தார். தங்கையை வாங்கி மீண்டும் மடியில் வைத்துக்கொண்டார். நான்கு தாய்மார்கள் ஓடினார்கள். வென்றவருக்கு ஓர் எவர்சில்வர் தம்ளர் கிடைத்தது.

அன்று மாலை வீட்டில் அம்மா அதைப்பற்றி எதுவும் பேசவில்லை. சில நாள்கள் கழித்து எதிர்பாராமல் மேகம் திரண்டது. அம்மா வழக்கம்போல் கோரை மேட்டுக்கு ஓடினார். அவர் காலில் முள் ஏதும் இல்லை.

அம்மா சொன்ன விடை

அந்த நாளைப் பற்றி அம்மாவிடம் பேச எனக்கு முப்பது ஆண்டுகளுக்குமேல் துணிவு வரவில்லை. அதற்கு வாய்ப்பளித்தவர், நான் நேரில் கண்டிராத ஒரு மூதாட்டி. பஞ்சாபைச் சேர்ந்த மன் கௌர் என்னும் அவர், தொண்ணூற்று மூன்றாம் வயதில் ஓடத் தொடங்கியவர். ஓடத் தூண்டியவர் அவருடைய மகன். 2017ஆம் ஆண்டு நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் மூத்தோருக்கான உலக விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. தம் 101ஆம் வயதில் அங்கே 100 மீட்டர் தொலைவை 74 வினாடிகளில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். அந்த வயதுப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவர்தாம். வெல்வதற்கு எதிரில் எவரும் இல்லை. ஆயினும் அவர் ஓடினார்.

அந்தக் காணொளியை அம்மாவுக்குக் காட்டினேன். எழுபதை எட்டிக்கொண்டிருந்த அம்மா அப்போது கோல் ஊன்றி நடக்கத் தொடங்கியிருந்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். மீண்டும் ஒருமுறை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார். ஒரு மகன் தாயைத் திடலுக்கு அழைத்து வந்திருக்கிறான். இன்னொரு மகன் தாயைத் திடலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறான் என்று எனக்குள் ஒரு குரல் சொன்னது. கேட்டுவிட்டேன்.

"அம்மா, நான் ஏழாவது படிக்கையில ஒரு ஓட்டப்பந்தயம் வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஓடியிருந்தா நீதானே ஜெயிச்சிருப்ப?"

அம்மா உடனே விடை சொல்லவில்லை. கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஜெயிக்கிறதுக்கா எந்திரிச்சேன்? எனக்கு ஓட்டம்னா, போறப்ப இடுப்புல கொழந்த, வாறப்ப தலையில கோரைக்கட்டு. கையில ஒண்ணுமில்லாம வெறுங்கையோட ஓடுனா எப்படி இருக்கும்னு பாக்கலாம்னுதான்யா எந்திரிச்சேன்."

என் தலையசைப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் அதற்கு இடமளிக்காமல் மீண்டும் கைப்பேசியைப் பார்த்து, "இந்தம்மா எவ்வளவு லேசாக் கையை வீசிக்கிட்டு ஓடுது பாரு" என்றார்.

புறநானூற்றில் தொடித்தலை விழுத்தண்டினார் பாடிய பாடல் ஒன்றை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். கோலூன்றித் தளர்ந்து இருமும் முதியவர் ஒருவர், தம் இளமையை எண்ணி ஏங்குகிறார். மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், குளிர்ந்த பொய்கையில் கைகோத்து ஆடியதையும், நீரில் படிந்த மருதக்கிளையில் ஏறிக் கரையிலுள்ளோர் மருள மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் அவர் நினைவுகூர்கிறார். அந்தப் பாடலை நடத்தும்போதெல்லாம் முதுமையின் துயரத்தையே விளக்கியிருக்கிறேன். அன்றிரவு அது வேறொன்றாகத் தோன்றியது. அந்த முதியவருக்கு நினைத்து ஏங்குவதற்காவது ஒரு விளையாட்டுப் பருவம் இருந்தது. அம்மாவுக்கு?

பெண்களின் ஓட்டத்தை உலகமும் நீண்டகாலம் ஐயத்துடனேயே பார்த்தது. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாமில்தான் பெண்கள் தடகளத்தில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே 800 மீட்டர் ஓடியவர்கள் களைத்துப்போனதைக் காரணம் காட்டி, அந்த ஓட்டம் பெண்களின் உடலுக்கு ஆகாதென்று நீக்கினார்கள். 1960இல் ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்ப வந்தது. அப்போது அம்மாவுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகாமல் கோரைக்கட்டு சுமக்கத் தொடங்கியிருந்தார். சுமையோடு ஓடுவதற்கு அவருடைய உடல் ஆகாது என்று எவரும் சொல்லவில்லை.

நிரலில் ஒரு மாற்றம்

அடுத்த விழாவுக்கான நிகழ்ச்சி நிரலை உடற்கல்வி ஆசிரியர் என்னிடம் கொடுத்தபோது, அதுவரை படித்துப் பழகிய வரிகளைப் புதிதாகப் படித்தேன். தந்தையருக்கு ஓட்டம். தாய்மார்களுக்கு எலுமிச்சை, கரண்டி, குடம், ஊசி, நூல். அடுக்களையில் விட்டுவிட்டு வந்தவற்றையே திடலிலும் அவர்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர்கள் எழவில்லை என்று குறைபட்டுக்கொண்டோம்.

"ஐயா, இந்த முறை தாய்மார்களுக்கும் வெறும் ஓட்டம் வைக்கலாமா? 50 மீட்டர் போதும். கையில் எதுவும் வேண்டா" என்றேன். உடற்கல்வி ஆசிரியர் என்னைச் சற்று வியப்போடு பார்த்துவிட்டு, நிரலில் எழுதிக்கொண்டார்.

விழா நாள் மாலை அறிவிப்பைச் செய்தேன். பந்தலில் அதே சலசலப்பு, அதே சிரிப்பு, ஒருவரும் எழவில்லை. பெற்றோரைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினேன். கயிற்றுக்கு அப்பால் நின்ற மாணவர்கள் பக்கம் திரும்பினேன்.

"பிள்ளைகளே! உங்கள் அம்மாவின் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போய் அதை வாங்கிக்கொள்ளுங்கள்."

சில நொடிகள் எவரும் அசையவில்லை. முதலில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கயிற்றைக் குனிந்து கடந்தாள். தாயிடமிருந்து கைக்குழந்தையை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பிறகு ஒரு மாணவன் தன் தாயின் துணிப்பையையும் குடையையும் வாங்கினான். இன்னொருவன் தண்ணீர்ப் புட்டியை வாங்கியதோடு நில்லாமல், குனிந்து தாயின் செருப்புகளையும் எடுத்துக்கொண்டான். பிள்ளை வந்து எதிரில் நின்று கைநீட்டியபின் எந்தத் தாயாலும் அமர்ந்திருக்க முடியவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் பதினொரு தாய்மார்கள் வந்து நின்றார்கள்.

ஊதல் ஒலித்தது. யார் முந்தினார், யார் பிந்தினார் என்று அறிவிக்க வேண்டியவன் நான். ஒரு சொல்லும் வரவில்லை. தொடங்கிய இடத்திலேயே சிரிப்புத் தாங்காமல் இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவர் இடறி விழுந்து எழுந்து ஓடினார். வயலில் நாற்று நடும் ஒரு தாய், முடிவுக் கோட்டைக் கடந்தபின்னும் நிற்கவில்லை. சுற்றுச்சுவர் வரை ஓடி, அதைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினார். அவர் கைகள் இரண்டும் காற்றில் வீசிக்கொண்டிருந்தன.

அடுத்துத் தந்தையருக்கான ஓட்டம். ஒலிவாங்கியைப் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் கோட்டில் போய் நின்றேன். பல ஆண்டுகளுக்கு முன் மகளிடம் சொன்ன 'அடுத்த வருஷம்' மிகவும் தாமதமாக வந்திருந்தது. கடைசியாகத்தான் வந்தேன். அதை எப்படி அறிவிப்பதென்று தெரியாமல் அந்த மாணவன் திணறினான். "உள்ளபடியே சொல்லப்பா" என்றேன். அவன் சொன்னான். திடல் முழுவதும் சிரித்தது. மாணவர்கள் என்னைக் கண்டு இப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்பில் இகழ்ச்சி இல்லை என்பது அதன் நடுவே நின்றபோதுதான் தெரிந்தது.

வேண்டாமென்று தலையசைக்கும் ஆற்றல் பிள்ளைகளுக்கு உண்டு. சுமையை வாங்கிக்கொள்ளும் ஆற்றலும் அவர்களுக்கு உண்டு. பெற்றோர் எழுவதும் அமர்வதும் பெரும்பாலும் இவ்விரண்டில் எது நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே அமைகின்றன. பன்னிரண்டு வயதில் எனக்கு இதைச் சொல்லித் தர யாரும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரவு வீட்டுக்குச் சென்றதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். யார் வென்றார் என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் வேறொன்று கேட்டார்.

"அவங்க பை, கொழந்தையெல்லாம் யாரு வச்சிருந்தா?"

"பிள்ளைங்கதாம்மா."

அம்மா தலையசைத்தார். இம்முறை அது மேலும் கீழுமாக நிகழ்ந்த அசைவு. சிறிது நேரம் அவர் அப்படியே தலையசைத்துக்கொண்டிருந்தார்.